குமிழ் நின்றால் நல்லதா?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று நாலைந்து பேர் கார்டு போட்டிருக்கிறீர்கள். ஒருவர், 'சரக்கு தீர்ந்துவிட்டதா அம்மா?' என்று கேட்டிருக்கிறார். சரக்கு இருக்கிறது ஐயா. ஆள்தான் தீர்ந்துபோய், வண்ணார்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் சுருங்கிவிட்டது.

பயப்படாதீர்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ரசத்தில் உப்பில்லை என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார், நல்ல உயரம், ஒட்டடைக்குச்சி உடம்பு. சட்டைப் பொத்தானைப் போடும்போதே வலது நெஞ்சில் சுருக்கென்று ஒரு குத்து. 'வாய்வுதான்' என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். நானும் ஓமத்தண்ணீர் கொடுத்தேன், பூண்டு சுட்டுக் கொடுத்தேன். மதியத்துக்குள் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க அவருக்கு மூச்சு போதவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நுரையீரல் மேல சின்னதா ஒரு கொப்புளம் இருந்து வெடிச்சிருக்கும்மா. இழுக்குற மூச்சு அந்த ஓட்டை வழியாக் கசிஞ்சு, நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவுல தேங்கி நிக்கி. அது அமுக்க அமுக்க நுரையீரல் சுருங்கிக்கிட்டே போகுது. ஒல்லியா ஒசரமா இருக்கவங்களுக்கு வரும். சிகரெட் பிடிச்சா இன்னும் லேசா வந்துரும். சார் பிடிப்பாகளா?"

"சேச்சே!" என்றேன் நான்.

என் வீட்டுக்காரர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். கல்யாணமான பதினாலு வருஷத்தில் எந்த ஃபேனையும் அவர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. (அந்தச் சண்டை பாக்கி இருக்கிறது. மூச்சு நன்றாகத் திரும்பட்டும் என்று காத்திருக்கிறேன்.)

விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு ரப்பர் குழாயைச் சொருகினார்கள். அதன் மறுமுனை கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடி பாட்டிலில், தண்ணீருக்குள். அவர் இருமினால், மூச்சு விட்டால், தண்ணீரில் குமிழ் குமிழாகக் காற்று வரும். தேங்கிய காற்று அப்படித்தான் வெளியேற வேண்டுமாம். தண்ணீர் தடுப்பதால் திரும்ப உள்ளே போகாது. ஓட்டை ஆறினால் குமிழ் தானாக நிற்கும். நிற்கவே இல்லையென்றால் மதுரைக்குப் போய் ஆபரேஷன்.

ஆக, மூன்று நாள் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தப் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க விட்டால்தானே? ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் ஊரே வரும் — கையில் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, வாயில் ஒரே கேள்வி. "என்ன செய்யுது?" அவர் பேசக் கூடாது. எனவே நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பொத்தான், குத்து, கொப்புளம், குழாய், பாட்டில்... "காத்து உள்ள போனா நல்லதுதான?" என்று ஒருவர். "எங்க சித்தப்பாவுக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு... பாவம், பத்து நாள் இருந்தாக" என்று இன்னொருவர். அன்புதான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் நாள் என் குரலே எனக்கு வெறுத்துவிட்டது.

அன்று மதியம் பெரியத்தான் வந்தார். என் வீட்டுக்காரரின் மூத்த அண்ணன். திசையன்விளையில் சைக்கிள் கடை. பஸ்ஸில் வந்த வேர்வையோடு, பனங்கிழங்குக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். கட்டைச் சுற்றியிருந்தது பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர்.

"தம்பிக்கு என்னம்மா செய்யுது?"

காலையிலிருந்து அவர் எத்தனையாவது ஆளோ! சொல்ல வாயைத் திறந்தேன். முடியவில்லை.

"ஒண்ணுமில்ல அத்தான். காத்து அடைச்சிருக்கு. சரியாயிரும்."

இவர் கண்ணயர்ந்திருந்தார். "செத்த பாத்துக்கிடுங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். பம்பாயில் இருக்கும் நாத்தனாரிடம் பேச வேண்டும். க்யூ. லைன் கிடைத்ததும் அவளுக்கு முதலிலிருந்து எல்லாம் சொன்னேன் — பொத்தான், குத்து, கொப்புளம்.

திரும்பி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது பாட்டில்தான். ஒரு குமிழ்கூட இல்லை! நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம்தான் அவரைப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். உதடு நீலம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் என்னை எங்கேயோ பார்க்கச் சொல்கிறது. வாயில் சத்தமே வரவில்லை. பெரியத்தான் பேப்பரை மடித்து வேகவேகமாக விசிறிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குள்ள காத்து லீக் ஆகிக்கிட்டே இருந்துச்சும்மா. அடைச்சுட்டேன். ஆனாலும் இவன் ஏன் இப்பிடித் திணறுதான்?"

குழாயை இரண்டாக மடித்து, பனங்கிழங்குக் கட்டின் ரப்பரால் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்திருந்தார். சைக்கிள் கடைக்காரர் முடிச்சு. அவிழ்க்கப் பார்த்ததில் என் நகம் உடைந்ததுதான் மிச்சம். நான் போட்ட கத்தலில் நர்ஸ் கத்தரியோடு ஓடி வந்தாள்.

"யாரு கட்டுனது இத? உள்ள கசியுத காத்து எங்கன போகும்? நல்ல நுரையீரலையும் சேத்து அமுக்கிரும்லா!"

ரப்பரை வெட்டியதும் பாட்டிலே அதிரும்படி குமிழ் பொங்கியது. மூன்று நாள் 'நில்லு, நில்லு' என்று கும்பிட்ட குமிழை, 'வா, வா' என்று கும்பிட்டேன். உதட்டில் நிறம் பையப் பையத்தான் திரும்பியது.

இரண்டு நாள் கழித்து குமிழ் தானாகவே நின்றது. எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தது. குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரும் நர்ஸும் பெரியத்தானை ஆளுக்கொரு பாட்டம் திட்டித் தீர்த்தார்கள்.

எனக்கு மறக்காதது அதெல்லாம் இல்லை. ரப்பரை வெட்டிய அன்றைக்குச் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாரே, அதுதான். அறுபது வயது மனுஷர்.

"சின்ன வயசுலேருந்து இதுதாம்மா தொழில். டியூபைத் தண்ணில முக்குவேன், குமிழ் வந்தா அடைப்பேன். இங்க வந்தா அடைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியலயேம்மா. எந்தம்பியக் கொல்லப் பாத்தேனே..."

முப்பது பேருக்குச் சொன்னேன். பம்பாய்க்குக்கூடச் சொன்னேன். கேட்டு உச்சுக்கொட்டிவிட்டு பஸ் ஏறப் போகிறவர்களுக்கெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பாட்டில் பக்கத்தில் உட்காரப் போகிற ஒரே ஆளுக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்குத்தான் அது அலுத்துப்போன கதை. அவருக்கு அது புதுசு என்பது ஏன் உறைக்காமல் போயிற்று?

பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"நான்தான் அத்தான் சொல்லலை. தப்பு என்னோடது."

அவர் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் எத்தனை பேருக்குத்தாம்மா சொல்லுவ? போ... போயி ஒரு வாய் சாப்பிடு."

நாலு வார்த்தை திட்டியிருந்தாரென்றால், அன்றைக்காவது தூங்கியிருப்பேன்.