பக்கவாசல் இல்லாத கொட்டகை

சவாயீ தீவில் வண்டிச் சோதனைக்காரி பெலெனிசேவைப் பிடிக்காதவர்கள் இரண்டே வகை. பிரேக் பிடிக்காத வண்டி வைத்திருப்பவர்கள், அவர்களுடைய சொந்தபந்தங்கள். அதாவது, பாதித் தீவு.

பழைய சோதனைக் கொட்டகையில் பக்கவாசல் ஒன்று இருந்தது. ஊர்த்தலைவர்களும் போதகர்களும் அந்த வழியாக வந்து, எந்தக் கருவியிலும் வண்டியை ஏற்றாமல் ஓட்டத் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு போவார்கள். போதகர் எலிசாயாவின் தேவாலயப் பேருந்துக்குப் பதினோரு ஆண்டுகளாக அப்படித்தான் சான்று. ஞாயிறுதோறும் நாற்பது பிள்ளைகள், ஒருவர் மடியில் ஒருவராக, அதில்தான் மலைச்சரிவில் இறங்கினார்கள்.

புதுக் கொட்டகைக்கு வரைபடம் போடும் வேலை அவளிடம் வந்தது. விளக்குச் சோதனை, சக்கரத்தைச் சுழலவிட்டு பிரேக்கை அளக்கும் உருளை, அடிப்பாகம் பார்க்கும் குழி, எல்லாம் ஒரே நேர்கோட்டில். புகுந்த வண்டி மறுமுனையில்தான் வெளியேற முடியும்.

மேலதிகாரி ஃபெரெதிக்கு வியர்த்தது. "ஏம்மா, பெரியவங்க எந்த வழியா வருவாங்க?"

"பக்கவாசல் வெச்சா கக்கூஸ் ஓரமாத்தான் சார் வரணும். போதகரை அப்படியா கூட்டிட்டு வருவீங்க? முன்வாசல்ல, முதல் வண்டியா வரட்டும்."

"அதான் மரியாதை!" என்று கையெழுத்துப் போட்டார். பிரேக் அளவைக் காட்டும் முள் வைத்த வட்டப் பலகையை அவள் எங்கே மாட்டச் சொல்லியிருக்கிறாள் என்று பார்க்கவில்லை. காத்திருப்போர் பெஞ்சுக்கு நேர் எதிரே, தட்டு அளவுக்குப் பெரிதாக.

திறப்பு விழாவில் ஜெபம் முடிவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாட வந்த பிள்ளைகளை இறக்கிவிட்டு, பேருந்து முதல் ஆளாக உருளையில் ஏறியது. வெள்ளையுடுத்திய தாய்மார்கள் பெஞ்சில் இருந்தார்கள். முன்சக்கரத்துக்கு முள் பாதி எழுந்தது. பின்சக்கரத்துக்கு அசையவே இல்லை. ஓட்டுநர் எழுந்து நின்று மிதித்தும் அசையவில்லை.

"அப்ப இத்தனை வருசமா இத எதுய்யா நிறுத்துச்சு?" என்றாள் மாலியா, மூன்று பிள்ளைகளை அதில் அனுப்புகிறவள்.

"கர்த்தருடைய கரம்," என்றார் போதகர்.

"பதினோரு வருசமாவா? பாவம், கை வலிக்காது?" என்றாள் பெலெனிசே. "ஒரு வாரம் அவருக்கு லீவு குடுங்க போதகரே, மெக்கானிக் பாத்துக்கட்டும்."

ஃபெரெதி அவள் காதில் கிசுகிசுத்தார். "பாஸுன்னு எழுதித் தொலைம்மா. ஊரே பாக்குது."

"ஊரே பாக்குதுல்ல சார், எப்படி எழுதறது?"

மாலியா தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். மற்றத் தாய்மார்களும் எழுந்தார்கள். நாற்பது பிள்ளைகளும் நடந்தே மலையேறினார்கள்.

திங்களன்று, பேருந்துக்கு ஏன் சான்று தரவில்லை என்று பெலெனிசேவிடம் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. புதனன்று பேருந்துக்குப் புதுப் பிரேக் வந்தது. கடிதத்துக்கு அவள் இன்னும் பதில் எழுதவில்லை.