மேலேயே நின்ற முகூர்த்தப் புடவை

ரோபோவுக்கு மூளை செய்கிறவரைப் பேட்டி எடுப்பார்கள், கை செய்கிறவரைப் படம் எடுப்பார்கள்; அதை ஏற்றி இறக்கும் குழாயைச் செய்கிற எங்களை மட்டும் "ஸ்டாண்டு விக்கிறவங்க" என்பார்கள். மெஷினை விற்றுவிட்டு போன் மணி அடித்தாலே நடுங்குகிற என் இனத்தவரே, கேளுங்கள்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் எங்கள் பட்டறை. குழாய்க்குள் குழாய், அதற்குள் இன்னொரு குழாய். சுருங்கினால் முழங்கால் உயரம், நீண்டால் ஆளைத் தாண்டும். முதல் ஆர்டர் ஒரு பட்டுக் கடை. மேல் தட்டுப் புடவையை ரோபோ எடுத்துத் தர வேண்டும். சரிப்படாவிட்டால் திருப்பி அனுப்புவார்களாம். அப்புறம் பட்டறைக்குப் பூட்டு, எனக்குப் பழையபடி ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்.

குட்டை

பெட்டியைப் பிரித்ததும் கடை முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. பட்டனை அழுத்தினேன். குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி மேல் தட்டைத் தொட்டன. அண்ணாந்து பார்த்தவர் அப்போதும் வருத்தமாகவே சொன்னார்: "இத நீட்டிக்கினே எடுத்தாந்திருக்கக் கூடாதாம்மா? பெட்டியப் பாத்து எதுத்த கடக்காரன் சிரிச்சிட்டானே."

எண்ணெய்

பட்டில் கறை படக் கூடாது என்று கிரீஸே இல்லாமல் ஓடும்படி செய்திருந்தேன். வெள்ளைக் கைக்குட்டையால் குழாயைத் துடைத்துப் பெருமையாகக் காட்டினேன். விற்பனையாளர் அசரவில்லை. "எங்க தலைக்கே எண்ண வைக்க வுட மாட்டாரு முதலாளி. இதுக்கு மட்டும் வுடுவாரா?"

பொட்டு

வெள்ளிக்கிழமை பூஜை போட்டார்கள். முதலாளி ரோபோவை முழு உயரத்துக்கு நிமிர்த்தி, குழாய்க்குக் குழாய் சந்தனம் குழைத்து வைத்துவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்து கெட்டியாகியிருந்தது. அதற்குள் ஒரு கல்யாண வீட்டாரும் வந்துவிட்டார்கள். மணப்பெண் கைகாட்டிய அரக்குப் புடவையை ரோபோ எடுத்துத் தன் தட்டில் வைத்தது. இறங்க மட்டும் மாட்டேன் என்றது. ராகு காலம் நெருங்கியது. ரோபோ வந்த குஷியில் ஏணியை குடோனுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கடையே அண்ணாந்து பார்த்தது. தட்டிலிருந்து சரிந்த முந்தானையில் விளக்கு வெளிச்சம் பட்டு ஜரிகை மின்னியது. பெண்ணின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேற எதுவும் பிரிக்காதீங்கபா. எப்படி நிக்குது பாரு, இது எம் பொண்ணுக்குன்னே வந்தது."

கடையையே கலைத்துப் போட்டுவிட்டுப் போகிற கல்யாண வீடுகளையே பார்த்துப் பழகிய விற்பனையாளர்கள் ஏணி எடுக்க குடோனுக்கு ஓடினார்கள். ஏணி வந்தது, ராகு காலத்துக்கு முன்பே புடவை கைமாறியது. ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தபடி தீர்ப்புக்குக் காத்திருந்தேன். முதலாளி மெல்லப் பக்கத்தில் வந்தார். "திருப்பி அனுப்பலம்மா. ஆனா, நாம வேணும்னும்போது இப்படி நின்னுக்கிற மாதிரி ஒரு பட்டன் வெச்சுக் குடு."

ஏறியதைப் பத்திரமாக இறக்குவதுதான் எங்கள் தொழில், ஆனால் ஒருநாள் அது இறங்காமல் அடம்பிடித்ததால்தான் எனக்கு வேலை நிலைத்தது.