கீழுதட்டில் இரண்டு தையல்

முப்பிடாதியம்மாளுக்கு அழ வராது. நெஞ்சு கல் என்று தாராவியில் எங்கள் சந்தே பேசியது. பேசிய வாய்களை எல்லாம் எனக்குத் தெரியும், அதில் என் வாயும் ஒன்று. அவள் மாமியார் செத்த அன்று பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கைபோட்டு ஒப்பாரி வைத்தார்கள். மூத்த மருமகள் இவள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஒரு வரி பாடினாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நிறுத்திவிட்டாள். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. பதினாறு முடிந்த மறுநாள் புருஷன் வெயிலுமுத்து அவளை ரத்தம் வர அடித்தான். அது அறுபத்தைந்தாம் வருஷம்.

அதற்கு முன்னால் அடிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அடித்தான். ஆனால் அன்றிலிருந்து அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அவன் டேனரியில் ஈரத்தோல் தூக்குகிறவன், கை உலக்கை மாதிரி இருக்கும். ஒற்றை அறை வீட்டை அங்கே கோலி என்போம். அவர்கள் கோலிக்கும் எங்கள் கோலிக்கும் நடுவே தகரம்தான் சுவர். அவன் அவளை அந்தத் தகரத்தில் மோதும்போது எங்கள் பக்கம் ஆணியில் மாட்டிய பாத்திரங்கள் விழும். கூடவே அவன் குரலும் வரும்.

"அழுளா! ஒரு சொட்டு விடு, கைய எடுத்துருதேன். அழுதா விட்டுருதேன்னு சொல்லுதேம்லா! இம்புட்டுத் திமிராளா ஒனக்கு?"

அவள் அழமாட்டாள். திமிர் என்று இன்னும் நாலு விழும். நாலு வருஷம் இதைக் கேட்டுக்கொண்டு நான் விழுந்த பாத்திரங்களை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. ஒருமுறை கீழுதடு உள்பக்கம் கிழிந்து பல்லில் தொங்கியது. நான்தான் உப்புத் தண்ணீரில் கழுவி விட்டேன்.

என் பெயர் நஸீரா. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. தமிழ்க்காரிகள் வந்தால் பேச்சை மாற்றிச் சொல்ல டாக்டர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். மாட்டுங்காவிலிருந்து வரும் சுப்ரமணியன் டாக்டர் தமிழர், அவருக்கு மட்டும் அது தேவையில்லை. அறுபத்தொன்பதில் ஒருநாள் அவர் ஒரு நோயாளியிடம், "வாயும் காயறதா? கண்ணும் காயறதா? சோறு தண்ணி இல்லாம எறங்காதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கையிலிருந்த பேசின் கிண்ணம் நழுவியது. அத்தனையும் முப்பிடாதி அக்காவுக்கு உண்டு. கண்ணில் மணல் அறுக்கிறது என்பாள். முப்பத்தைந்து வயதில் பாதிப் பல் சொத்தை.

அந்த வாரமே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவள் கீழிமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் விட்டார். எடுத்தபோது காகிதம் காய்ந்தே இருந்தது.

"அழ வராதது நோயா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"அப்படித்தான் தோணறதும்மா. எச்சில் சுரப்பியைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தா உறுதியாச் சொல்லிடலாம்."

"அப்ப எடுங்க. எடுத்து, நோய்தான்னு காயிதத்துல எழுதிக் குடுங்க. எங்க வீட்ல காட்டணும்."

அவளுக்கு மருந்துகூட வேண்டாம். அந்தக் காகிதம் வேண்டும். அது இருந்தால் அவன் கை நிற்கும் என்று நம்பினாள்.

பெரிய சர்ஜன், காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பியில் வெட்டி எடுக்கச் சொன்னார். சுப்ரமணியன் டாக்டர் மறுத்துவிட்டார். முகத்து நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் ஓடுகிறது, கத்தி பட்டால் வாய் கோணிப்போகும். கீழுதட்டின் உள்ளேயும் குட்டிக் குட்டியாகச் சுரப்பிகள் உண்டு, நோய் அங்கேயும் தெரியும், இப்போது வெளிநாட்டில் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்றார். அவளிடமும் ஒளிக்கவில்லை. "ரெண்டு மூணு நாள் நன்னா வீங்கும். கொஞ்ச இடம் மரத்துப் போகலாம். அநேகமா சரியாயிடும். சில பேருக்கு மரத்தது மரத்ததுதான்."

"அது கெடக்கட்டும்" என்றாள்.

சனிக்கிழமை காலை. நான்தான் அவள் தலையைப் பிடித்திருந்தேன். டாக்டர் கீழுதட்டை வெளியே மடக்கினார். இடதுபக்கம் வெள்ளையாகக் கயிறு போல ஒரு தழும்பு.

"இது எப்படிம்மா?"

"கொழாயடியில விழுந்தேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பேசினைப் பார்த்தேன். தழும்பில் சுரப்பி இருக்காது, வலப்பக்கம் போவோம் என்றார். மரப்பு ஊசி போட்டார். நடு உதட்டை விட்டு, கடைவாயையும் விட்டு, இடையில் விரல் நகத்தின் நீளத்துக்குச் சற்று மேலாக ஒரு கீறல். ஆழமாகப் போகவில்லை. ஜவ்வரிசி போலச் சின்ன உருண்டைகள் பிதுங்கி வந்தன. பக்கத்து நரம்பிழையை மழுங்கிய முனையால் ஒதுக்கிவிட்டு, ஐந்து உருண்டைகளைப் பொறுக்கி மருந்துப் புட்டியில் போட்டார். பட்டு நூலில் இரண்டு தையல். கால் மணி நேரம் ஆகவில்லை. இந்த உதட்டுக்குள் ஒருவன் இத்தனை கவனமாகக் கை வைத்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஞாயிறு மத்தியானம் உதடு பருத்துக் கருநீலமாகத் தொங்கியது. யாரோ போய்ச் சொல்லி, பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்து அவள் அண்ணன் பூதத்தான் இரண்டு கூட்டாளிகளோடு வந்தான். எங்கள் சந்தில் ஒரு பெண்ணின் உதடு வீங்கியிருந்தால் யாரும் என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. வீட்டில் எந்த ஆம்பளை இருக்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். வெயிலுமுத்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

சட்டியோடு உதைத்தான் பூதத்தான். தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டான். கூட்டாளி ஒருவன் முதுகில் ஏறி நின்றான்.

"மச்சான், சாமி சத்தியமா நான் தொடலை! ஆசுவத்திரில வெட்டுனது மச்சான்!"

"எங்க தொட்டேன்னு அவ மூஞ்சி சொல்லுதேலே!"

தோல் புரட்டும் கம்பு அங்கேதான் சாத்தியிருந்தது. பூதத்தான் அதை எடுத்தான். முதல் அடியில் இரண்டு பல் மண்ணில் விழுந்தன. அடுத்தது தடுத்த வலது முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வெயிலுமுத்து அழுதான். சிறுபிள்ளைபோல, மூக்கு ஒழுக, கண்ணீர் கன்னத்து ரத்தத்தில் கோடு போட அழுதான். "எளா, சொல்லேன்! நான் தொடலைன்னு சொல்லேன்!"

முப்பிடாதியம்மாள் வாசல்காலைப் பிடித்து நின்றிருந்தாள். மரப்பு முந்தின நாள் மத்தியானமே போய்விட்டது. காலையில் என்னோடு நன்றாகப் பேசினாள். இப்போது பேசவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் எல்லாம் தெரியும். நானும் பேசவில்லை. அவர்கள் கை ஓயும்வரை அடித்துவிட்டுப் போனார்கள்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. வெள்ளணுக்கள் சுரப்பிகளைக் கும்பலாகச் சூழ்ந்து அரித்திருந்தன. அக்கா கேட்டபடி டாக்டர் அடியில் தமிழில் எழுதியிருந்தார். 'இந்த அம்மாளுக்குக் கண்ணீரும் எச்சிலும் சுரக்காதது நோயால். அழாதது அவர் குற்றம் அல்ல.' அக்கா அதை வெயிலுமுத்துவின் முன்னால் வைத்தாள். அவன் கையில் மாவுக்கட்டு. எழுத்துக்கூட்டிப் படித்தான். ரொம்ப நேரம் ஆயிற்று.

"நோய்னு தெரியாமப் போச்சே" என்றான். அப்புறம் தலை தூக்காமல் கேட்டான். "நான் தொடலைன்னு ஒனக்குத் தெரியும். ஏன் சொல்லல?"

உதட்டில் வெட்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டாள். கொஞ்சம் மரத்துத்தான் இருந்தது.

"அழுதா விட்டுருதேன், அழுதா விட்டுருதேன்னு நாலு வருசமாச் சொன்னீரே. நெசமோன்னு நானும் நம்பிட்டேன். என்னால அழ முடியலியேன்னுதான் என்னையே நொந்துக்கிட்டேன். அன்னைக்கு நீரு அழுதீரு. அம்புட்டு அழுதீரு. அவங்க விட்டாவளா?"

அவள் காகிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, அவனுக்குக் கஞ்சி ஊற்றப் போனாள்.