விரல் கலங்காத லென்ஸ்

கட்டடம் எழும்பும் இடத்தில் அவளை எல்லோரும் மேல்வீட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனின் உச்சியில், ஓர் ஆள் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுக்கு வேலை. காலையில் ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். கீழே நிற்கும் சிக்னல்காரர் கையைத் தூக்கினால் இரும்புக் கட்டு மேலே வரும். உள்ளங்கையை விரித்தால் அப்படியே அந்தரத்தில் நிற்கும். அத்தனை உயரத்தில் சத்தம் போட்டுப் பேசி என்ன பயன்? எல்லாமே கைதான்.

வீட்டிலும் அப்படித்தான் என்று ஆகிப்போனது. மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளியில் அவள் கைமொழி கற்கத் தொடங்கியபோது, அம்மாவும் அப்பாவும் மாலை வகுப்பில் சேர்ந்து பின்னாலேயே ஓடினார்கள். இப்போது ஏழு வயது. வாயாடி என்று சொல்ல முடியாதே தவிர, அவள் கை ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. அப்பா வைத்த பெயர் புயல். புயல் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் டம்ளர் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

மேல்வீட்டுக்காரிக்கு வேலையை விட்டால் ஒரே பைத்தியம், கேமரா. யாரோ வைத்திருந்து விற்றதை வாங்கினாள். கூடவே ஒரு லென்ஸும் வந்தது. வெயிலில் அது பொன்னாகப் படம் எடுக்கும். வீட்டுக்குள் வந்தால் வெளிச்சம் போதாமல் திணறும். மகளின் முகம் ஓரளவு விழும், கைகள் மட்டும் புகையாகிவிடும். இரண்டு தோளிலிருந்தும் சாம்பல் நிறப் புகை கிளம்புவதுபோல எத்தனை படங்கள்! பிளாஷ் போட்டால் புயல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பேச்சையே நிறுத்திவிடுவாள். பேசும்போது யாரோ முகத்துக்கு நேராகக் கத்துவதுபோல அவளுக்கு அது. ஆல்பம் முழுக்க மகள் இருந்தாள். அவள் பேச்சு எங்குமே இல்லை.

இந்த நிலையில்தான் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். அவன் கிளம்பிப் போனபோது புயல் தத்தி நடந்துகொண்டிருந்தாள். 'அக்கா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்.'

அவ்வளவுதான், மேல்வீட்டுக்காரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமனும் மருமகளும் சந்திக்கப்போகிறார்கள்! அதைப் புகையாகவா பிடிப்பது?

"லென்ஸை மாத்தியே ஆகணும்" என்றாள் கணவனிடம். அவர் முடிதிருத்துபவர், தெருமுனையில் சொந்தக் கடை. வீட்டிலும் சீப்பு சட்டைப் பையிலேயே இருக்கும்.

"எந்த லென்ஸ்னு முடிவு பண்ணிட்டியா?"

"பெரிய ஜூம்தான். பால்கனியில நின்னு கீழ அவ விளையாடுறதை எடுக்கலாம். விளையாட்டுப் போட்டியில மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஓடினாலும் எடுக்கலாம். பீரங்கி மாதிரி இருக்கும்!"

"நாள் பூரா தூரத்துல இருந்துதான் உலகத்தைப் பாக்குற. வீட்டுக்கு வந்தும் தொலைநோக்கியா? உன் தம்பி என்ன, எதிர் மாடியிலயா உக்காரப்போறான்? நம்ம சமையலறையிலதானே?"

அந்தக் கேள்வி அவளுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை வேலை அரை நாள்தான். மகளையும் கூட்டிக்கொண்டு கேமராக் கடைக்குப் போனாள். குறுகலான கடை. இருபுறமும் கண்ணாடி அலமாரி, நடுவில் இரண்டு பேர் ஒதுங்கி நிற்க இடம், மேலே ஒற்றை டியூப்லைட். கடைக்காரர் அவளுடைய பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"முகத்தை விடுங்க அண்ணே. கையைப் பாருங்க. எனக்குக் கைதான் வேணும்" என்றாள்.

அவர் ஒரு நொடி புரியாமல் விழித்தார். அதற்குள் புயல், அலமாரியில் இருந்த பெரிய லென்ஸைக் காட்டி, அது யானையின் காலா, அதற்குள் ஆள் இருக்கிறாரா என்று கைகளாலேயே அம்மாவிடம் கேட்டுத் தள்ளினாள். கடைக்காரருக்கு விளங்கிவிட்டது. மனிதர் உற்சாகமாகிவிட்டார். "பாப்பா பேசட்டும். நிறுத்தவே வேண்டாம். நாம ஒவ்வொண்ணா மாட்டிப் பார்ப்போம்!"

முதலில் ஆசைப்பட்ட ஜூம். தூக்கவே தோள் வலித்தது. கடைக்குள்ளிருந்து எடுத்தால் மகளின் மூக்கு மட்டும்தான் உள்ளே வந்தது. வாசலைத் தாண்டி நடைபாதைக்குப் போய் நின்று எடுத்தாள். முகம் அருமை. கை, பழைய புகை.

"இந்த விலையில வர்ற ஜூம் எல்லாம் இருட்டுல அவ்வளவா திறக்காதும்மா" என்றார் அவர். "ஜூம் இல்லாத லென்ஸ் போடுங்க. கண்ணு நல்லா அகலமாத் திறக்கும், வெளிச்சம் கொட்டும். ஷட்டரை வேகமா வச்சிக்கலாம், கை கலங்காது."

எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மாட்டினார். க்ளிக். அவள் திரையைப் பார்த்தாள். ஒரு கை! புகையில்லை, கலங்கலில்லை, சுண்டுவிரல் நகத்தில் ஒட்டியிருந்த வண்ணம்கூடத் தெரிந்தது. "ஐயோ!" என்று கத்தியேவிட்டாள். ஆனால் படத்தில் அந்த ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கையும் முகமும் சட்டத்துக்கு வெளியே. பாதி வாக்கியம்.

அடுத்து ஐம்பது மில்லிமீட்டர், சட்டம் இன்னும் அகலம்; முகமும் இரண்டு கைகளும் வந்தன. புயல் 'பெரிய' என்று சொல்லக் கைகளை விரித்தாளோ இல்லையோ, மணிக்கட்டுகள் போய்விட்டன. பின்னால் நகர்ந்தாள், முதுகு அலமாரியில் இடித்தது. அவளுடைய சமையலறை இந்தக் கடையைவிடச் சின்னது.

கடைசியாக முப்பத்தைந்து. உள்ளங்கையில் அடங்குகிற உருண்டை. அதை மாட்டியதும் அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றம், பீரங்கி எங்கே இது எங்கே. கேமராவைக் கண்ணில் வைத்தாள். உச்சந்தலையிலிருந்து இடுப்புவரை, விரித்த கைகள் இரண்டும் அடங்க, மகள் முழுசாக உள்ளே நின்றாள். வரிசையாக நாலைந்து க்ளிக். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நான். யானை. வாங்கிக்கொண்டு. வீட்டுக்கு.

படித்துவிட்டாள்! படத்தில் மகள் பேசுவதை அவள் படித்துவிட்டாள்!

"அண்ணே, இதுதான். இதேதான்!"

"யோசிச்சுக்குங்கம்மா. இதை வச்சு மைதானத்துல எடுக்க முடியாது."

"மைதானம் இருக்கட்டும். அவ ஓடுறதைக் கண்ணால பாத்துக்கிறேன்."

பையிலிருந்து பழைய லென்ஸை எடுத்துக் கேமராவுக்குத் திரும்ப மாட்டக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. புதியதை மாட்டியபடியே கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வீடுவரை வழியெல்லாம் மகளைப் பேசவைத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு மதியம் தம்பி வந்தான். கதவருகே பையைப் போட்டவன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், மருமகள் முன்னால் மண்டியிட்டான். கைகளை உயர்த்தினான்.

மேல்வீட்டுக்காரி கேமராவைத் தூக்கினாள். ஆனால் ஒரு கணம் பட்டனை அழுத்த மறந்தாள். தம்பி கைமொழியில் பேசுகிறான்! யார் சொல்லிக்கொடுத்தது?

புயல் அவன் கைகளை உற்றுப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து சிரித்தாள்.

"என்னக்கா? என்ன தப்பு?" என்றான் அவன் பதறி. "கப்பல்ல சமையல்காரரோட தங்கச்சிக்குக் காது கேக்காது. அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன். உன்னைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்னு சொன்னேன்."

"உங்க சமையல்காரர் வேற நாட்டு ஆளாடா?"

"ஆமா, ஏன்?"

"நாட்டுக்கு நாடு கைமொழி மாறும்டா. உன்னைத் தின்னத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்னு சொல்லியிருக்க!"

கணவருக்குச் சிரிப்பில் புரையேறியது. புயல் எழுந்து வந்து மாமனின் விரல்களைப் பிடித்தாள். ஒன்றை மடக்கினாள், ஒன்றை நிமிர்த்தினாள், கட்டைவிரலைத் தட்டிச் சரிசெய்தாள். கறாரான வாத்தியார். அந்த நாலு கைகளும் கன்னத்தோடு கன்னமாக இரண்டு முகங்களும் சட்டத்துக்குள் சரியாக வந்து நின்றன. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று அவள் எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். எதுவும் புகையவில்லை.

புயல் திரும்பி அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அம்மா தலையாட்டினாள். இன்னொன்று கேட்டாள். அதற்கும் தலையாட்டல். மகள் இடுப்பில் கைவைத்து முறைத்தாள். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

'நீ ஏன் பேசவே மாட்டேங்கிற? உன் கை ரெண்டையும் அதுக்கே குடுத்துட்டியா?'

அவளுக்குச் சுரீரென்றது. இத்தனை நாள் இது தோன்றவேயில்லையே! கேமரா கையில் இருக்கிறவரை மகளோடு அவளால் ஒரு சொல்கூடப் பேச முடியாது.

கேமராப் பட்டையைக் கழற்றிக் கணவன் கழுத்தில் மாட்டினாள். "நீங்க எடுங்க."

"எனக்கு எங்க தெரியும் இதெல்லாம்?"

"அமுக்குனா விழும். அமுக்குங்க!"

இரண்டு கைகளும் விடுதலையானதும் அவளும் பேசத் தொடங்கினாள். தம்பி சின்ன வயதில் தண்ணீரைக் கண்டாலே அலறுவான், அவன் போய்க் கப்பலில் வேலை பார்க்கிறான் என்று போட்டுக்கொடுத்தாள். புயலுக்குக் கண் விரிந்தது. தம்பி அரைகுறைக் கைகளால் மறுத்தான். மறுத்த மறுப்பும் தப்பாகப் போய், தானே தண்ணீர் என்று சொல்லிவைத்தான்.

கணவர் எடுத்ததில் முக்கால்வாசிப் படங்களில் எல்லோருக்கும் நெற்றிக்கு மேலே காணோம்.

"தலையில தொழில் பண்ற மனுஷன், தலையையே வெட்டிட்டீங்களே!"

"கை வந்திருக்கான்னு மட்டும் பாரு" என்றார் அவர் பெருமையாக.

வந்திருந்தது. அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசும் கைகள். தான் பேசுவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்படியா கையை வீசுகிறேன் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். புயல் எட்டிப் பார்த்து, அடுத்த படத்தைக் காட்டு என்று அவள் முழங்கையை இழுத்தாள்.

மேசையில் சாப்பாடு ஆறிக் கிடந்தது. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று தம்பி முயன்று பார்த்தான். பருக்கைகள் சுவரில் போய் ஒட்டியதுதான் மிச்சம்.