பருப்பு வேகாத கிணறு

அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுச் சொந்தக்காரர் கடிதம் போட்டபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். ஒன்றரை கிரவுண்டில் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழைய வீடு, மழைக்கு ஒழுகும் ஒரு மூலை, கொல்லையில் கிணறு. முன்பாதியில் நாங்கள் இருந்தோம். பின்பாதி காலி. அந்தப் பக்கமெல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்தது. அடையாறில் மனை மலிவு என்றார்கள். ஆனால் பாலத்தைத் தாண்டி எவன் போவான் என்று கேட்டவர்களில் அப்பாவும் ஒருவர். அப்படிக் கேட்டவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே ஒரு ஃபிளாட் வாங்க வக்கில்லாமல் முழிக்கிறார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

அம்மா கல்யாணமான நாளிலிருந்து ஆறு வீடு மாறியவள். ஏழாவதான இதை விட்டு நகர மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள்.

வீடு பார்க்க வரும் ஆண்கள் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள். கூட வரும் பெண்கள் நேரே கிணற்றடிக்குப் போய் அம்மாவிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?" உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. வீட்டின் மதிப்பில் பாதி அன்றைக்குக் கிணற்றில் இருந்தது.

"அதை ஏன் கேக்கறீங்க? ரெண்டு மணி நேரம் ஆனாலும் கல்லாட்டம் கெடக்கும்" என்பாள் அம்மா. அப்போது எங்கள் அடுப்பில் பருப்பு குழைந்துகொண்டிருக்கும். நான் என் பங்குக்குக் குளியலறையில் தேள் வரும் என்பேன்.

தரகர் தலையில் அடித்துக்கொள்வார். "இன்னாம்மா நீ! தண்ணி எளநி மாதிரி கீது, இப்டி சொல்றியே!" யார் கேட்டார்கள்? தரகர் ஆயிரம் சொன்னாலும், அடுப்படியில் நிற்கிறவள் சொல்வதுதான் எடுபடும்.

ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. சொந்தக்காரர் சலித்துப்போய் விலையை நன்றாகக் குறைத்து, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவுக்கு எழுதினார். அப்பாவால் தனியாக முடியாது. மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருந்த பெரியப்பாவும் சேர்ந்தால் ஆளுக்குப் பாதி. பெரியப்பா சரி என்றார். அம்மா அன்று பாயசம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டைப் பார்க்க வந்தாள். பலமுறை வந்து தங்கிய வீடுதான்; வீடு பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொன்னதைக் கூட இருந்து கேட்டவள்தான். ஆனாலும் வாங்கப் பார்ப்பது வேறு அல்லவா? கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இது சரிப்படாது. பருப்பு வேகாத தண்ணி" என்றாள்.

அம்மா சிரித்தாள். "அக்கா, அது வர்றவங்கள வெரட்டறதுக்குச் சொன்னது."

"அன்னிக்கு வெரட்டறதுக்குச் சொன்னே. இன்னிக்கு வாங்க வைக்கறதுக்குச் சொல்றே. நான் எதை நம்பறது?"

தேளெல்லாம் கிடையாது பெரியம்மா என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "நான் தேளைப் பத்திக் கேக்கவே இல்லியே" என்றாள்.

அம்மா உடனே அவள் கண்ணெதிரில் தண்ணீர் இறைத்து உலை வைத்துப் பருப்பைப் போட்டாள். அரை மணியில் வெந்தது. பெரியம்மா ஒரு பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சோடா உப்பு போட்டியா?"

அம்மா அழுதுவிட்டாள். பெரியம்மா மேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. அவள் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்பது புரிந்த பிறகும் அது போகவில்லை.

பெரியப்பா பின்வாங்கினார். அடுத்த மாதமே, யாரையும் ஒன்றும் கேட்காத ஒரு மனிதர் வந்து வீட்டை வாங்கிவிட்டார். நாங்கள் காலி செய்த அன்று சாமான்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி குடத்தோடு வந்து கிணற்றடியில் நின்றாள். "இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?"

அம்மா எங்கள் கிணற்றுக் கயிற்றை ராட்டினத்திலிருந்து உருவிக்கொண்டே சொன்னாள்:

"நல்லா வேகும்மா. அரை மணி போதும். சோடா உப்பே வேணாம்."

அந்தப் பெண் உடனே நம்பிவிட்டாள். அம்மா கயிற்றைச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.