மாமாவின் ஷொக் இல்லாத சைக்கிள்

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முதன்முதலாக வந்த மவுண்டன் சைக்கிள் மாமாவுடையதுதான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் இல்லாத அவரை அம்மாதான் வளர்த்தாள். கொழும்பில் ஒரு சைக்கிள் கடையில் சில வருஷம் வேலை செய்துவிட்டு, ஒரு தீபாவளிக்கு அந்தச் சைக்கிளைத் தெரணியகலை பஸ்ஸின் பின்கதவால் ஏற்றிக்கொண்டு வந்தார். பிறகு திரும்பிப் போகவில்லை. தேயிலையும் ரப்பரும் உள்ள எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு எங்கள் காம்பரா வீட்டிலேயே தங்கிவிட்டார்.

தடித்த டயர், அகலமான ஹேண்டில், கியர் எல்லாம் இருந்தும், பார்க்க வந்தவர்கள் குனிந்து முன்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். டவுன் பையன்களின் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் இருக்கும். அதை ஷொக் என்பார்கள். மாமாவின் சைக்கிளில் அந்த இடத்தில் வெறும் இரும்புக் குழாய் இரண்டு நேராக இறங்கின. நம்முடைய ரோட்டில் ஷொக் இல்லாமல் எப்படி என்று கேட்டவர்களிடம் மாமா, "ஸ்பிரிங் ஒரு மழைக்காலத்துல துருப்பிடிச்சிரும். எனக்கு ஷொக் இங்க இருக்கு" என்று மடக்கிய முழங்கையைத் தட்டிக் காட்டுவார்.

உண்மைதான். இறக்கத்தில் அவர் சீட்டில் உட்காரவே மாட்டார். பெடலில் எழுந்து நின்று, முழங்காலும் முழங்கையும் தளர்ந்திருக்க, கல்லுக்குக் கல் உடம்பைக் கொடுத்துக்கொண்டு இறங்குவார். விறகு கட்டுவதற்கென்று பின்னால் ஒரு கெரியர் பூட்டியிருந்தார். அதில் உட்கார்ந்து போகும்போது எனக்குப் பல் கடகடக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். அப்பா இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியொன்றில் வேலை செய்தார், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில், லயத்துக்குக் கீழே வளைவில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. அன்றைக்குப் பகலே அம்மாவுக்கு வலி கண்டது. இன்னும் மாதம் முடியவில்லை.

அம்புலன்ஸுக்கு யாரோ போன் எடுத்தார்கள். மண்சரிவைத் தாண்டி வர முடியாது, கீழே பாலத்தடியில் நிற்போம் என்றார்களாம். ஆம்பிளைகள் வந்ததும் கம்பளியில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள் லயத்துப் பெண்கள். ஆம்பிளைகளோ தூரத்து மலையில் வேலையில் நின்றார்கள். அம்மாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

மழையில் பால் வெட்டு இல்லாததால் வீட்டிலிருந்த மாமா சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவந்தார். குலுக்கல் குறையட்டும் என்று இரண்டு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினார். கம்பளியை நாலாக மடித்துக் கெரியரில் கட்டினார்.

"அக்கா, என்னயப் புடிச்சிக்க. நான் ஓட்டல, தள்ளிக்கிட்டேதான் போவேன்."

பக்கத்துக் காம்பரா பெரியம்மா ஒரு கையால் அம்மாவின் முதுகைத் தாங்கி, மறுகையில் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நானும் பின்னால் போனேன். ஒவ்வொரு கல்லையும் ஒதுக்கி ஒதுக்கி, பாலைத் ததும்பாமல் கொண்டுபோகிறவர் மாதிரி மாமா தள்ளினார். சரிவில் பெரியம்மா அம்மாவை அணைத்து நடத்திப் போக, மாமா முழங்கால் சேற்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடந்தார். அதற்கு அங்கால் தார் ரோடு. அங்கேதான் ஏறி ஓட்டினார். என்னைத் திரும்பிப் போகச் சொன்னார்கள்.

அம்மா சில நாளில் திரும்பி வந்தாள். பாப்பா வரவில்லை. பாப்பாவைச் சாமி எடுத்துக்கொண்டது என்று எனக்குச் சொன்னார்கள்.

லயத்தில் வேறு மாதிரிப் பேசினார்கள். "ஷொக் இல்லாத சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போனா அந்தக் குலுக்குல புள்ள தாங்குமா?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு பெண் சொல்ல, மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். யாரும் மாமாவின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் குடத்தோடு மேட்டில் வந்துகொண்டிருந்த மாமா அதைக் கேட்டுவிட்டார். அவருக்குப் பக்கத்தில் நான் நின்றேன். குடத்தை நிரப்பாமலே திரும்பிவிட்டார்.

அன்றைக்கே சைக்கிளைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் சாத்தி, உரச் சாக்கால் மூடினார். வேலைக்கு நடந்து போனார். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

பீலிக்கரைப் பேச்சை என்னிடமிருந்து கேட்டறிந்த அம்மா ஒரு நாள் அவரை உட்காரவைத்துச் சொன்னாள். எனக்கு விளங்காது என்று நினைத்தாளோ என்னவோ, என் முன்னாலேயே சொன்னாள்.

"தம்பி, முந்தின நாளே புள்ள அசையல. தூங்குதுன்னு நெனச்சிக்கிட்டு நான் யாருக்கும் சொல்லல. நாம வர முன்னமே துடிப்பு நின்னுருச்சின்னு ஆஸ்பத்திரியில நர்ஸ் மிஸ்ஸியே சொன்னாங்க. இன்னும் தாமதிச்சிருந்தா நானும் இல்ல."

மாமா நிலத்தைப் பார்த்தபடியே இருந்தார். "நீ எனக்காகச் சொல்ற அக்கா" என்றார்.

கிளினிக்குக்கு அம்மா போகவேண்டிய நாளும் வந்தது. அதற்குள் ரோட்டைச் சரிசெய்திருந்தார்கள். அப்பா லீவில் வந்திருந்தார். டவுனிலிருந்து ஒரு த்ரீவீலைச் சொல்லி வரவழைத்திருந்தார். நானும் கூடப் போவதாக ஏற்பாடு. பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஓட்டுகிறவருக்குப் பின்னால் எந்த ஓரத்தில் உட்காருவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

அம்மா வெளியே வந்து த்ரீவீலைப் பார்த்தாள். "இது வேணாங்க" என்றாள் அப்பாவிடம். "தம்பி கொண்டுபோய் விடுவான்."

அவளே கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்ச் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டுச் சைக்கிளை உருட்டி வந்தாள். மாமா வாசற்படியில் நின்றார், அசையவில்லை.

"அக்கா, குலுக்கும்."

"குலுக்கட்டும்."

பிறகு மாமா பம்பைத் தேடி எடுத்துக் காற்றடித்தார். அது வால்வில் சரியாகப் பிடிக்கவில்லை, அப்பா போய்ப் பிடித்துக் கொடுத்தார். அம்மா கெரியரில் ஏறி உட்கார்ந்தாள். மாமா தள்ளத் தொடங்கியதும், "தள்ளாத. ஏறி ஓட்டு" என்றாள். ஆளில்லாத குறுக்குப் பாதைக்கு அவர் ஹேண்டிலைத் திருப்பினார். "அங்கிட்டு இல்ல. மடுவத்துப் பக்கமாப் போ" என்றாள்.

பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் அப்போது பகல் நிறுவை. தோட்டமே கூடையோடு அங்கேதான் வரிசையில் நிற்கும். அழுதுகொண்டே பின்னால் ஓடிய நான் மடுவத்துக்கு மேலேயுள்ள மேட்டில் நின்றுவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்ப்பது அங்கிருந்து தெரிந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினார். அம்மா அவருடைய தோளில் கைவைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பீலிக்கரையில் பேசியவளுக்கு நேரே வந்தபோது, மாமாவை நிறுத்தச் சொல்லி, "கிளினிக்குக்குப் போயிட்டு வாறேன்க்கா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அந்தப் பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "பாத்துப் போயிட்டு வாம்மா" என்றாள். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் மாமாவின் முதுகைத் தொட்டார்.

நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை பிடித்தேன். நேரே போகிற பாதையை விட்டுவிட்டு அம்மா ஏன் சுற்றிப் போகிறாள், இவ்வளவு நல்ல த்ரீவீல் நிற்கும்போது ஏன் முதுகு நோகப் போகிறாள் என்று கேட்டேன். அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். என்னைக் கூட்டிப் போகாததற்கு அவருக்கும் கவலைதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். த்ரீவீல் வெறுமனே திரும்பிப் போவதைப் பார்த்தபடி, சப்பாத்தைக் கழற்றாமல், வாசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.