வாசிப்புத் தாளுக்கும் பேச்சுத் தேர்வுக்கும் நடுவே ஒரு துஆ

என் மகள் ஸஹ்ராவிடம் "அத்தா எங்கே?" என்று கேட்டால் என் கைப்பேசியைக் காட்டுவாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. அவளுக்கு அத்தா என்றால் அந்தக் கண்ணாடிக்குள் சிரிக்கிற ஒரு முகம், அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு சமையல்கட்டுக்குப் போய் அழுவேன்.

சகோதரிகளே, உங்கள் எல்லார் மீதும் ரப்பின் ஸலாம் உண்டாகட்டும். நான் நஸீமா, சேலம் அம்மாபேட்டைக்காரி. என் கணவர் நெசவு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். ஜெர்மனியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, ஸஹ்ரா கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். நாங்களும் போய்ச் சேர வேண்டுமென்றால் நான் ஜெர்மன் மொழியில் தொடக்கநிலைத் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. அது இல்லாமல் விசா கிடையாது.

ஒரு முறை எழுதித் தோற்றுப்போனேன். எழுத்துத் தேர்வு சுமாராகத்தான் போனது. என்னைக் கவிழ்த்தது பேச்சுத் தேர்வு. எதிரே உட்கார்ந்திருந்த தேர்வாளர் அம்மா, உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றார். என் சொந்தப் பெயர். நாக்கு எழவில்லை.

மறுபடியும் தேர்வுக்கு இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தேன். அதற்குள் என் கணவர் தளர்ந்துவிட்டார். "நஸீமா, இந்தத் தடவையும் ஆகலைன்னா நான் வேலைய விட்டுட்டு வந்துடறேன். தனியா இருந்தது போதும்" என்றார். அவர் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட வேலை அது. என்னால் அது போய்விடுமோ என்ற பயம் என்னைத் தின்றது. ஒவ்வொரு தொழுகையிலும் அழுது கேட்டேன்.

போன வருடம் ஷவ்வால் மாதம், ஒரு வியாழக்கிழமை, கோயம்புத்தூரில் தேர்வு. எங்கள் சேலம் ஜெர்மன் வகுப்பிலிருந்து சிலர் சேர்ந்து ரயிலில் போனோம். அதில் ஒருத்தி கௌரி. எருமப்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். அவளுடைய கணவரும் ஜெர்மனியில்தான் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், எதற்கும் அசராதவள். இன்னொருவர் தினேஷ், மேல்படிப்புக்குப் போக இருந்தவர், வகுப்பில் முதல் ஆள்.

காலையில் எழுத்துத் தேர்வு. கேட்டு எழுதும் பகுதி முடிந்து வாசிப்புத் தாள் வந்தது. கடிதங்கள், விளம்பரங்கள், கதவில் ஒட்டும் அறிவிப்புகள். ஒவ்வொன்றையும் படித்து, கீழே உள்ள வாக்கியம் சரியா தவறா என்று குறிக்க வேண்டும். நிதானமாகப் படித்தேன். நன்றாக எழுதிவிட்டதாகவே நினைத்தேன். மனம் லேசாக இருந்தது.

பேச்சுத் தேர்வு மத்தியானம். நடுவில் எதிரே இருந்த பேக்கரிக்குப் போனோம். டீ வருவதற்குள் தினேஷ் ஆரம்பித்துவிட்டார்.

"அந்த டாக்டர் கதவுல ஒட்டியிருந்த அறிவிப்புக்கு எல்லாரும் என்ன போட்டீங்க?"

"சரின்னு போட்டேன்" என்றேன்.

"அது தப்புதான வரும்? டாக்டர் வேற தெருவுக்கு மாறிட்டாருன்னு போட்டிருந்துச்சுல்ல?"

மற்றவர்களும் தவறு என்றுதான் போட்டிருந்தார்கள். லீவு விட்டிருக்கிறார் என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். சரி, ஒன்று போனால் போகட்டும் என்று டீயை எடுத்தேன். அடுத்தது ரயில் நேரம். எல்லாரும் ஒரு பதில், நான் ஒரு பதில். அடுத்தது வாடகை வீட்டு விளம்பரம். அதுவும் அப்படித்தான். தினேஷ் கேட்கக் கேட்க என் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டேன். அவர் மேல் தப்பில்லை. ஆர்வத்தில் கேட்டார்.

டீ ஆறிப்போனது. கையில் இருந்த பப்ஸைக் கடிக்கவும் முடியவில்லை. நன்றாக வந்ததாக நினைத்த தாளே இப்படி என்றால், முன்பு தோற்றுப்போன பேச்சுத் தேர்வை எப்படித் தாண்டுவது? பப்ஸைப் பையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். ரயில் நிலையத்துக்கு ஆட்டோ தேடினேன்.

கௌரி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏனுங்க அக்கா, எங்க கெளம்பிட்டீங்க?"

"ஊருக்குப் போறேன் கௌரி. எல்லாம் போச்சு. இனிமே உள்ள போயி என்ன ஆகப்போவுது?"

"ஊட்டுக்குப் போயி மட்டும் என்னங்க பண்ணப் போறீங்க? அண்ணங்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "விடியக்காலைல இருந்து துஆ கேட்டுட்டுத்தான வந்தேன். அல்லாஹ் ஏன் கேக்கலைன்னு தெரியல."

அவள் என் தோள் பையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கு உங்க சாமி பத்தியெல்லாம் தெரியாதுங்க அக்கா. ஆனா எழுதுனத எழுதியாச்சு, பேப்பரையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதையே நெனச்சுட்டு இருந்தா மத்தியானத்துக்கு யாரு பேசறது? அதுக்கும் ஒருக்கா கேட்டுப் பாருங்க. உங்களுக்குத் தொழுவற நேரம் ஆச்சுல்ல?"

லுஹர் என்கிற மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம்தான். எனக்கே அது மறந்துபோயிருந்தது.

தேர்வு மையத்துக்குத் திரும்பினோம். கௌரியே வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பேசி, மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலையைக் கேட்டு வாங்கினாள். நான் முகம், கை, கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, மேற்கே பார்த்து நிற்க வேண்டுமே, அது எந்தப் பக்கம் என்று விழித்தேன். "காலைல வெயிலு அந்தச் சன்னல்ல அடிச்சுதுங்க. அப்ப மேக்கு இந்தப் பக்கம்" என்று கை காட்டினாள். தன் துப்பட்டாவை எடுத்துத் தரையில் விரித்தாள். "நான் இங்கயே நிக்கறேன். யாரும் குறுக்க வரமாட்டாங்க" என்று படி ஓரத்தில் போய் நின்றுகொண்டாள்.

பயணத்தில் இருந்ததால் சுருக்கித் தொழுதேன். ஸஜ்தாவில் நெற்றி வைத்தபோது, மனனம் செய்த துஆ ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தமிழில்தான் கேட்டேன். "ரப்பே, காலையில் எழுதியது உன்னிடம் இருக்கிறது. அதை நீ பார்த்துக்கொள். எனக்கு இப்போது வாய் வேண்டும். பயமில்லாமல் பேசுகிற வாய் வேண்டும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எழுந்தபோது நெஞ்சில் இருந்த இறுக்கம் இல்லை. எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பசி எடுத்தது. பையில் வைத்திருந்த பப்ஸை இருவரும் பிய்த்துத் தின்றோம்.

பேச்சுத் தேர்வில் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். சொன்னேன். பிறகு ஒரு அட்டை எடுக்கச் சொன்னார்கள். என் அட்டையில் 'காலை உணவு' என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் அதைப் பற்றிக் கேள்வி கேட்டேன். அவர் என்னைக் கேட்டார். சேலத்தில் நாங்கள் இட்லி சாப்பிடுகிறோம், என் மகள் சட்னியை மட்டும் நக்கிவிட்டு ஓடிவிடுவாள் என்று தெரிந்த சொற்களைக் கோத்துச் சொன்னேன். தேர்வாளர் அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்நிய மொழியில் ஒருவரைச் சிரிக்க வைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. வாசிப்பில் நான் பயந்தது அப்படியே நடந்திருந்தது, மிகக் குறைந்த மதிப்பெண். தினேஷ் சொன்னதுதான் சரி. ஆனால் பேச்சில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் தேர்ச்சி என்பதால், அந்தப் பேச்சுத் தேர்வே என்னைக் கரை சேர்த்தது. அன்று ஆட்டோ கிடைத்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ். நன்றி சொல்லி ஷுக்ருக்காக ஸஜ்தா செய்துவிட்டு முதலில் கௌரிக்குத்தான் போன் போட்டேன். அவளும் தேறியிருந்தாள். "பாத்தீங்களா அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். குளிர் அதிகம், கறிவேப்பிலை கிடைப்பதில்லை, ஆனாலும் நிறைவாக இருக்கிறோம். கௌரி ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிறாள். பெருநாளுக்கு அவளும் கணவரும் எங்கள் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள்.

முன்பெல்லாம் நான் துஆ கேட்டுவிட்டு, கேட்டபடியே நடக்கிறதா என்று அல்லாஹ்வைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்தப் பழக்கம் போய்விட்டது. சகோதரிகளே, உங்களில் யாராவது ஒரு பரீட்சையோ, ஆபரேஷனோ, வழக்கோ பாதியில் கெட்டுவிட்டதென்று கலங்கிப் போயிருந்தால் இதைச் சொல்கிறேன். முடிந்துபோனதை அவனிடம் விட்டுவிடுங்கள். அடுத்து எந்தக் கதவுக்குள் போக வேண்டுமோ, அதற்காக அவனிடம் கேளுங்கள். உங்கள் சொந்த வார்த்தையில் கேளுங்கள். கேட்டுவிட்டு, எழுந்து உள்ளே போங்கள்.